மூன்று விலைப்புள்ளிகள்

கல்லூரியில் கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

நான் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சிறுதொழில் கடன்களையும் மானியங்களையும் பார்க்கிற ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புப் பார்த்தவள். தருமபுரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்காகத் தொழில்முனைவோர் மன்றம் தொடங்கினார்கள். புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பவர்களுக்கு அரசு என்னென்ன செய்ய வேண்டும் என்று பேசக் கூப்பிட்டார்கள். எனக்கும் வீட்டில் பொழுது போகவில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வட்டி மானியம், பயிற்சி, ஒரே இடத்தில் எல்லா அனுமதியும் என்று தெரிந்ததையெல்லாம் பேசினேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், நாங்க ஒண்ணு புதுசா செஞ்சு, அத ஆபீஸ்ல கொண்டாந்து காட்டுனா, வேற யாராச்சும் பாத்து செஞ்சுக்க மாட்டாங்களா?"

நான் சிரித்தேன். "அதெல்லாம் பயப்படாதீங்கம்மா. தைரியமா கொண்டாங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றேன். அதற்குத்தான் கைதட்டினார்கள். சால்வை வேறு போர்த்தினார்கள். அந்தப் பெண் மட்டும் கைதட்டினாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்று சொல்வதுதான் சரி.

ஏனென்றால் அவள் கேட்டதற்கு உண்மையான பதில் எனக்குத் தெரியும். அது பாப்பாரப்பட்டியில், தகரம் போட்ட ஒரு கொட்டகையில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாத வெயிலில், ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் கொட்டை எடுத்த புளி, இன்னொன்றில் வெறும் புளியங்கொட்டை. இரண்டையும் என் மேசையில் கோப்புகளுக்கு மேலேயே வைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோப்பில் பிசுக்கு ஒட்டினால் யார் பதில் சொல்வது?

"பாருங்க மேடம். ஒரு கொட்டகூட ஒடையல. புளியும் நசுங்கல. மெஷின்ல எடுத்ததுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் புளி தட்டுவது என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தை பிறந்ததும் மண்டிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வீடு வீடாக இறக்குவார்கள். பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கொட்டையைப் பிதுக்குவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும், புளி பட்டு நாள் முழுக்க எரியும். அவருடைய இடது கட்டைவிரல் நகம் கறுத்து, வளைந்து, பாதியில் நின்றுபோயிருந்தது. அந்த விரலால்தான் புளியை எடுத்து எனக்குக் காட்டினார்.

பத்தாவது வரை படித்தவர். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார். இரண்டு வருடமாகப் பழைய இரும்புக் கடையில் சாமான் பொறுக்கி, பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் சொல்லி ஒட்டவைத்து, இவராகவே ஒரு மெஷின் செய்திருக்கிறார். அதையே இன்னும் நன்றாக நாலைந்து செய்து, தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு சின்ன யூனிட் வைக்க வேண்டும். அதற்குக் கடனும் மானியமும் வேண்டும். வரைபடத்தை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். அது என் வேலை. புளி வாடை அடிக்கும் கொட்டகையில் அந்த மெஷின் நின்றது. பழைய கிரைண்டர் மோட்டார், இரண்டு உருளைகள், கீழே ஒரு கம்பி வலை. மேல் உருளை வேகமாகச் சுற்றும், கீழ் உருளை மெதுவாக. உருளையின் மேல் பழைய மொபெட் டயரை அறுத்துச் சுற்றியிருந்தார். ஆனால் டயரைத் திருப்பிப் போட்டிருந்தார். கட்டை கட்டையாகப் புடைத்திருக்கும் பக்கம் உள்ளே, வழவழப்பான பக்கம் வெளியே.

"கட்ட வெளிய இருந்தா புளி அதுல பூந்து ஒட்டிக்குதுங்க. ஆறு மாசம் அதோட மல்லுக்கட்டுனேன். ஒரு நாளு கோவத்துல திருப்பிப் போட்டேன். சலசலன்னு கொட்ட வுழுவுது" என்றார்.

மோட்டாரை வைத்திருந்த இரும்புத் தகட்டில் ஒரு பக்கம் நான்கு ஓட்டைகள் சும்மா இருந்தன. முதலில் மோட்டாரை அங்கே மாட்டியிருக்கிறார். பெல்ட் கழன்று கழன்று ஓடியிருக்கிறது. பிறகு நாலு விரல் தள்ளி மாட்டியிருக்கிறார். பழைய ஓட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. "இத அடச்சுடுங்க. கமிட்டிக்காரங்க வந்தா பாக்க நல்லா இருக்காது" என்றேன். எனக்கு எதிலும் ஒரு நறுவிசு வேண்டும்.

அவர் சிரித்தார். "இருக்கட்டுங்க மேடம். புத்தி வந்த எடம் அது" என்றார்.

நான் அப்போது மயங்கித்தான் போனேன். பொய் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். நடந்ததில் எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி இதுதான். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது என்றுகூடத் தோன்றும்.

சிக்கல் விலைப்புள்ளியில் வந்தது. கொட்டேஷன் என்று எல்லோரும் சொல்வதைத்தான் கோப்பில் விலைப்புள்ளி என்று எழுதுவோம். என்ன இயந்திரம் வாங்கினாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணைக்க வேண்டும். ஒன்றும் தப்பான விதி இல்லை. ஒரே கடைக்காரர் விலையை ஏற்றி எழுதி மானியத்தைச் சுருட்டக் கூடாது என்று போட்ட விதி. ஆனால் இந்த மெஷின் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நானே செஞ்சதுக்கு எங்க போயி மேடம் மூணு கொட்டேஷன் வாங்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நான் கோப்பில் பேர் வாங்கியவள். முப்பது வருடத்தில் என் கோப்பு ஒன்றின் மேல் ஆடிட்டில் ஒரு ஆட்சேபணை வந்ததில்லை. யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. காசு வாங்காதவளுக்கு ஒரு திமிர் வரும் பாருங்கள், நாம் செய்வது எல்லாம் சரி என்று, அது எனக்கு நிறையவே இருந்தது. அந்தத் திமிரோடு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மெஷினை வண்டியில் ஏற்றி மூன்று லேத் பட்டறைகளுக்குக் கொண்டுபோக வேண்டியது. இதே மாதிரி நன்றாகச் செய்து கொடுக்க எவ்வளவு ஆகும் என்று மூன்று பேரிடமும் எழுதி வாங்க வேண்டியது. விதியும் நிற்கும், இவருக்கும் வேலை ஆகும். என் மேலதிகாரி, "உங்களுக்கு மூளையே மூளை" என்றார். கோப்பில் நானே எழுதினேன்: 'மூன்று நிறுவனங்களில் இயந்திரத்தைக் காண்பித்து விலைப்புள்ளி பெற்று இணைக்குமாறு விண்ணப்பதாரருக்கு அறிவுறுத்தப்பட்டது.' கீழே என் சுருக்கொப்பம்.

அவர் ஒரு குட்டியானை வண்டி பிடித்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். முதல் இரண்டு பட்டறைகளும் தருமபுரியிலேயே முடிந்தன. மூன்றாவது சேலம் பக்கம். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"மேடம், ரெண்டு நாளு மெஷின வெச்சுட்டுப் போவச் சொல்றாருங்க. அளவெடுக்கணுமாம். வுட்டுட்டு வரட்டுங்களா?"

எனக்கு மறுநாள் ஆய்வுக் கூட்டம். மேசை நிறைய பட்டியல்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே பதில் சொன்னேன். "விடுங்க, விடுங்க. கொட்டேஷன்தான் முக்கியம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "செரிங்க" என்று வைத்துவிட்டார். அந்த இடைவெளியை நான் அன்று கவனிக்கவே இல்லை.

மூன்று விலைப்புள்ளிகளும் வந்தன. கோப்பு கச்சிதமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. இந்த வகை இயந்திரம் எங்கள் பட்டியலில் இல்லை என்று மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது. பட்டியலில் சேர்க்கச் சோதனை அறிக்கை வேண்டும். சோதனை செய்யும் இடத்தில், இதைச் சோதிக்க எங்களிடம் முறை வகுக்கப்படவில்லை என்று எழுதினார்கள். புளி சீசன் முடிந்து, மழை வந்து, மறுபடியும் மரங்களில் புளி பழுத்தது. அவர் மாதம் ஒருமுறை வருவார். கோபப்பட்டதே இல்லை. "பாத்து சொல்லுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த தை மாதம் மைதானத்தில் ஒரு தொழில் கண்காட்சி நடந்தது. நானும் கடமைக்கு ஒவ்வொரு அரங்காகப் பார்த்துக்கொண்டு போனேன். ஓர் அரங்கில் கூட்டமாக இருந்தது. பச்சை பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் எழுதிய மெஷின். மேலே புளியைப் போடுகிறார்கள், கீழே சலசலவென்று கொட்டை விழுகிறது. உருளையில் ரப்பர், வழவழப்பான பக்கம் வெளியே. ஆனாலும் மனசு சமாதானம் தேடும் அல்லவா? இரண்டு பேருக்கு ஒரே யோசனை வருவது உண்டு என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் மோட்டார் தகட்டைப் பார்த்தேன்.

நான்கு ஓட்டைகள். சும்மா, எதுவும் மாட்டாமல், அதே பக்கம், அதே நாலு விரல் தள்ளி.

அந்தப் பெண்ணின் தப்பைக்கூட அளவெடுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது விலைப்புள்ளி கொடுத்த சேலத்துப் பட்டறை முதலாளி என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து நாற்காலி போட்டார். என் விரல் அந்த ஓட்டை ஒன்றில் இருந்தது. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அது காத்துப் போறதுக்கு மேடம். மோட்டார் சூடாவாது" என்றார். கண் சிமிட்டாமல் சொன்னார். ஒருவேளை அவருடைய ஆட்கள் அவரிடமே அப்படித்தான் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

அப்போதே, அந்தக் கூட்டத்திலேயே, இது இவருடையது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேலதிகாரி மூன்று அரங்கு தள்ளித்தான் நின்றார். சாட்சி என் விரல் நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, மெஷின் இவர் பட்டறைக்கு எப்படி வந்தது என்பது. பதில் என் கையெழுத்தில் கோப்பில் இருக்கிறது. ஆடிட் ஆட்சேபணையே வாங்காதவள், ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கும்போது விசாரணைக்குப் போய் நிற்பதா? பயந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அந்த முதலாளி கொடுத்த டீயையும் குடித்தேன். முப்பது வருடத்தில் வெளியாளிடம் நான் குடித்த முதல் டீ அது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். அந்தக் கம்பெனி மெஷின் சோதனைக்குப் போனது. அதற்கு முறை வகுக்கப்பட்டது. பட்டியலில் சேர்ந்தது. மேலதிகாரி மகிழ்ச்சியோடு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பாப்பாரப்பட்டி அம்மா கேஸ் இனிமே ஈசி. கம்பெனி மெஷினே வந்துருச்சே. அத வாங்கறதுக்கு மானியம் போட்டுக் குடுத்துடலாம், வரச் சொல்லுங்க" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

அந்தப் பெண் வந்தார். நான் கம்பெனி துண்டுப் பிரசுரத்தை மேசைமேல் தள்ளினேன். பளபளவென்று படம் போட்டிருந்தது. அவர் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தக் கறுத்த கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து படத்தில் ஓர் இடத்தில் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"இதத்தான் வாங்கணுங்களா மேடம்?"

"ஆமாங்க. இதுக்குத்தான் மானியம் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. இரண்டு நினைவூட்டல் கடிதம் அனுப்பினோம். மூன்று மாதம் கழித்துக் கோப்பை முடித்தேன். 'விண்ணப்பதாரர் ஆர்வம் காட்டாததால் முடிக்கப்படுகிறது.' அதுவும் என் கையெழுத்துதான்.

ஆர்வம் காட்டவில்லையாம். இரண்டு வருடம் பழைய இரும்புக் கடையில் அலைந்தவருக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிய கை இது.

கல்லூரியில் கேட்டதை இப்போது யாராவது கேட்டால் வேறு மாதிரி பேசுவேன். எங்கள் படிவத்தில் இருக்கிற எல்லாக் கட்டங்களும் ஏற்கெனவே கடையில் விற்கிற பொருளுக்கானவை. விலை கேட்போம், கம்பெனி கேட்போம், பட்டியல் எண் கேட்போம். இதுவரை இல்லாத ஒன்றை ஒருவர் கொண்டுவந்தால் அதை எழுத எங்களிடம் இடமே கிடையாது. மானியத்தை ஏற்றிக் கொடுப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில், கொண்டுவந்தவரிடம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்: இதை இன்ன தேதியில் பார்த்தோம், இது உங்களுடையது என்று. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எந்தப் பட்டறைக்கும் தைரியமாகப் போயிருப்பார். அதை நானே தட்டச்சு செய்து முத்திரை வைத்துக் கொடுத்திருக்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. கொடு என்று எந்த விதியும் சொல்லவும் இல்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரிக்குப் போய்வந்த நாலாம் நாள் பாப்பாரப்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். சால்வை வீட்டில் நாற்காலிமேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

புளி சீசன்தான். கொட்டகைக்கு வெளியே பாயில் புளி காய்ந்தது. அவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க மேடம், நல்லா இருக்கறீங்களா? வூடு தேடி வந்திருக்கறீங்க" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். முகத்தில் கொஞ்சமும் மாற்றம் இல்லை. பழைய மெஷின் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு டீ போடப் போனார்.

டீ வந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. கண்காட்சியில் பார்த்தேன், ஓட்டையைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு வந்தேன், பயந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே கீழே கிடந்த இரண்டு கொட்டைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"தெரியுமுங்க. நீங்க அந்தப் பேப்பரக் குடுக்கறப்பவே உங்களுக்குத் தெரியும்னு தெரியும்" என்றார். "அது போவட்டும் மேடம். அன்னிக்கு சேலத்துல இருந்து போன் பண்ணுனேன் பாருங்க. எனக்கு வுட்டுட்டு வர மனசே ஒப்பல. வேண்டாம்னு நானா சொன்னா அவரு கோவிச்சுக்குவாரு, கொட்டேஷன் தர மாட்டாரு. நீங்க ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லுவீங்க, மேடம் வேண்டாங்கறாங்கன்னு சொல்லி ஏத்திக்கிட்டு வந்துரலாம்னுதான் உங்களக் கேட்டேன்."

இத்தனை நாளும் கண்காட்சியில் பேசாமல் வந்ததுதான் என் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்ன அந்த ஒரு வரியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஏதாவது செய்ய வேண்டும் என்று பரபரத்தது. இப்போதுகூடக் காப்புரிமை கேட்கலாம், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், நானே எழுதித் தருகிறேன், கூட அலைகிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். இதற்கு இல்லாவிட்டாலும் அடுத்து ஏதாவது செய்தால் அதற்காவது என்றேன். அப்போதுதான் கொட்டகையின் மூலையைப் பார்த்தேன். நீலத் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தது. இடுப்பு உயரம். கீழே தரையில் புதிதாக வெட்டிய இரும்புத் தூள் மினுமினுத்தது.

"அது என்னங்க?"

"அது ஒண்ணுமில்லீங்க. பழைய சாமானு" என்றார்.

முப்பது வருடம் ஆய்வுக்குப் போனவளுக்குப் பழைய சாமான் எது, புதுசு எது என்று தெரியாதா? பெயின்ட் வாடைகூட வந்தது. நான் எழுந்தேன். அவரும் எழுந்து, எனக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் வந்து நின்றார். மரியாதையாகத்தான் நின்றார்.

"நீங்க சொன்னீங்களே, அந்தக் காப்புரிமை. அதுக்கும் யாருகிட்டயாச்சும் கொண்டுபோயி காட்டணுங்களா?"

"காட்டணும்" என்றேன்.

"செரிங்க" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர் வழியனுப்ப வரும் முன், குனிந்து, தார்ப்பாய் விலகியிருந்த ஓரத்தை இழுத்து அடியில் செருகினார். நான் பார்க்காததுபோல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.